மேலிருந்து பார்த்தால் பதினான்கு வீடுகளும் இல்லை

சாமை அறுவடைக்கு முன் ஜவ்வாது மலையின் பச்சையைப் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால், போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். பையில் கால் கிலோகூட இல்லாத சின்ன ட்ரோன். மலை முழுவதையும் ஒரே அகலப் படமாக எடுக்க ஆசை. எடுத்தும் விட்டேன். இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போளூர், அங்கே பஸ் மாறி ஜமுனாமரத்தூர். இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அங்கிருந்து ஜீப், ஒரு நாள் வாடகை 1,500 ரூபாய். ஓட்டிய ஏழுமலை மலைக்காரர். ட்ரோனைப் பார்த்ததும் வாடகைப் பேச்சையே விட்டுவிட்டார்.

“எங்க ஊர மேலேர்ந்து எடுத்துக் குடுங்க சார். டீசல் மட்டும் போட்டா போதும். ரோடு கேட்டா, அங்க ஏது வூடு, வெறுங்காடுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க.”

அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். வலி எடுத்தால் தார்ச்சாலை வரை நான்கு கிலோமீட்டர் தூளி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். அந்த நான்கு கிலோமீட்டரை நானும் நடந்தேன். பதினான்கு வீடுகள். ஒரு அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மேலிருந்து முகம் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏழுமலையின் கொல்லைக்கு நேர் மேலே, நூறு மீட்டர் உயரத்தில் நிறுத்தினேன். ட்ரோன் நின்ற இடத்திலேயே சுற்றித் துண்டு துண்டாக எடுத்ததைச் செல்போன் ஒட்டி ஒரே படமாக்கியது. தூரத்தில் தார்ச்சாலை தெரிந்தது. வீடு ஒன்றுகூடத் தெரியவில்லை. பலாவும் புளியும் எல்லாக் கூரைகளையும் மூடிக்கொண்டன. சாமைக் கொல்லை புல்வெளி மாதிரி கிடந்தது. மரங்களுக்கு இடையே இறக்கி எடுத்தால் கூரை தெரிகிறது, சாலை தெரியவில்லை. எந்த ஊர்க் கூரையோ என்று கேட்டுவிடுவார்கள். அகலப் படம் என்னவோ அத்தனை அழகு. பாழாய்ப்போன அழகு.

ஏழுமலை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார்.

“இன்னா சார் இது? அவங்க சொன்னதுதானே வந்துருக்குது?” பலாவை அண்ணாந்து பார்த்து, “மரத்த வெட்டனாதான் நாங்க இருக்கறதே தெரியுமா?” என்றார்.

நான் ட்ரோனை மடித்துப் பையில் வைத்தேன்.

கூரைப் படங்களை இணைத்து ஏழுமலை மனு கொடுத்தார். இன்றுவரை பதில் இல்லை. நடந்ததையெல்லாம் எழுதி, அந்த அகலப் படத்தை நண்பர்கள் குழுவில் போட்டேன். படத்தைப் பார்த்த ஒருவரும் எழுதியதைப் படிக்கவில்லை. “ஆளே இல்லாத இடமா? லொகேஷன் அனுப்பு, டென்ட் போடலாம்!” கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

போகிறவர்களுக்கு: காப்புக்காட்டின் மேல் பறக்கவிட வனத்துறை அனுமதி வேண்டும். மதியத்துக்கு மேல் காற்று முரட்டுத்தனமாக அடிக்கும், காலையிலேயே முடித்துவிடுங்கள். கூடுதல் பேட்டரி அவசியம். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். லொகேஷனை மட்டும் கேட்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எதற்கும் ஏழுமலையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் செய்தேன்.

“குடுங்க சார்,” என்றார். “டென்ட் போட வர்றவங்களுக்காவது ரோடு போடுவாங்க இல்ல?”