முப்பத்து மூன்றிலேயே நின்ற சக்கரம்

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். கூடவே அவருடைய சாமான்களும் வரும். என் கணவரோடு வந்த சாமான்களில் பெரியது அந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்பு வண்டி. சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்ததை, சவூதியில், தம்மாமில் சம்பாதித்த காசைப் போட்டு வாங்கியிருந்தார். வருடத்துக்கு ஒரு மாதம் விடுமுறையில் வருவார், ஆசை தீர ஓட்டுவார், போய்விடுவார். மீதி நாளெல்லாம் அது சும்மா நின்று என்ன செய்யும்? நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. அதுவரை பஸ்ஸில் இடிபட்டுப் போய்க்கொண்டிருந்தவள், காரில் போக ஆரம்பித்தேன். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு விடுமுறை முடிந்து அவர் கிளம்பிப் போன சில வாரங்களில், டயர் காற்றைக் காட்டும் மஞ்சள் லைட் எரியத் தொடங்கியது. அதைப் போனில் அவரிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

"அந்த லைட்டு அணையலைன்னா வண்டிய வித்துருவோம்ளா. சென்னையில ஒருத்தர் கேட்டுட்டே இருக்காஹ. நீ தனியா போற ரோடு. இங்கன உக்காந்துட்டு என்னால பயந்துட்டு இருக்க முடியாது" என்றார்.

விற்றால் எனக்குப் பழையபடி பஸ்தான். அதுகூடப் பரவாயில்லை. தினமும் ஓட்டுகிறவள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதத்துக்குள் லைட்டைச் சரி பண்ணிக் காட்டுகிறேன், அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். "காத்து கம்மியா இருக்கும் தங்கச்சி" என்று நாலு சக்கரத்துக்கும் அடித்து அனுப்பினார். மறுநாளே லைட் எரிந்தது. மறுபடியும் போனேன், மறுபடியும் காற்றடித்தார். மூன்றாவது தடவை அவருக்கே அலுத்துவிட்டது.

"ஒரு கருப்பு டேப்பை ஒட்டி விட்டுருவோம். கண்ணுக்குத் தெரிஞ்சாதான வம்பு."

"காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரைத் தூக்கி எறிஞ்சிருவீங்களா அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். காற்று குறைந்திருந்தால் லைட் நிலையாக எரியும், முதலில் கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அப்புறம் நிலைத்தால் காற்றை அளக்கும் ஏற்பாட்டிலேயே கோளாறு என்று அதில் இருந்தது. எங்கள் வண்டியில் மினுக்கிவிட்டுத்தான் நிலைத்தது. அதற்குப் பிறகு லைட்டை விட்டுவிட்டு, நாலு சக்கரத்துக்கும் திரையில் வரும் எண்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் வீட்டு வாசலில் ஒரு தடவை, மத்தியானம் அலுவலக வாசலில் ஒரு தடவை. தூத்துக்குடி வெயிலில், ஓடிச் சூடேறிய டயரில் எண் இரண்டு மூன்றாவது கூடும். மூன்று சக்கரங்களில் கூடியது. பின் இடது சக்கரம் மட்டும் காலையிலும் முப்பத்து மூன்று, மத்தியானமும் முப்பத்து மூன்று. சில நேரம் எண்ணே வராமல் வெறும் கோடு விழும். பிறகு பார்த்தால் அதே முப்பத்து மூன்று.

காற்று அளக்கும் கேஜ் ஒன்றை வாங்கி அந்தச் சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்து நாலு காட்டியது. அன்று காலையில்கூட முள்ளக்காட்டைத் தாண்டி நல்ல வேகத்தில் வந்திருந்தேன்.

நேராக அண்ணாச்சி கடைக்குப் போய் அந்தச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் உள்ளேயிருந்து பச்சையாகக் கூழ் வழிந்தது. வால்வின் அடியில் தீப்பெட்டி அளவுக்கு இருந்த, காற்றை அளக்கும் சென்சார் முழுக்க அதுதான் அப்பியிருந்தது. காற்று நுழைகிற துளை அடைத்துப்போய், கடைசியாக அளந்த எண்ணையே சென்சார் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. டயரில் கருவேல முள் ஒன்று ஒடிந்து நின்றது. அதைக் கூழ் பாதிதான் அடைத்திருந்தது.

"இது பஞ்சர் ஜெல்லு தங்கச்சி. முள்ளுக்குப் பயந்து நம்ம பக்கம் பைக்குக்கெல்லாம் ஊத்துவோம். சென்சார் வச்ச டயர்ல போய் யாரு ஊத்துனா?"

எனக்கென்ன தெரியும்? ஒரு படம் எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். வேலை நேரத்தில் எப்போதும் கூப்பிடாத மனிதர் உடனே கூப்பிட்டார்.

"நான்தான்ளா ஊத்தச் சொன்னேன். பிளைட்டுக்கு முந்தின நாள். நாலுலயும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்கிடுவ. ஸ்டெப்னிகூட இல்லாத வண்டி. நடுரோட்டுல முள்ளு குத்தி நீ தனியா நின்னா, நான் இங்கன இருந்து என்ன செய்ய முடியும்?"

"மச்சான், இருபத்து நாலு காத்துல நான் ஓட்டிட்டு இருந்திருக்கேன். முப்பத்து மூணு இருக்குன்னு அது பொய் சொல்லிட்டே இருந்திருக்கு."

"அதனாலதான் வித்துருவோம்னு சொல்லுதேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. கெடுத்தது நீங்க, கண்டுபிடிச்சது நான். விக்கணும்னா முதல்ல என்கிட்ட கேளுங்க. நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அழுகை வந்தது. எனக்காகப் பயந்து கிடக்கிற மனிதர் மேல்தான் இத்தனை கோபமும் வருகிறது என்பதில் இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணாச்சி ரிம்மைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு சக்கரத்தையும் கழற்றிக் கழுவினோம். மற்ற மூன்று சென்சாரும் பிழைத்தன. பின் இடதுக்கு மட்டும் சென்னையிலிருந்து புதிது வரவழைத்துப் போட்டோம். கொஞ்ச தூரம் ஓட்டியதும் லைட் அணைந்தது. நாலு எண்களையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். விற்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விடுமுறையில் வந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, சென்னைக்காரரிடம் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அவர் வந்த அன்று வாகைக்குளம் விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். வழக்கமாகப் பெட்டியை உள்ளே வைத்த கையோடு சாவியைப் பிடுங்கிக்கொள்வார். அன்றைக்கும் ஓட்டுகிற பக்கத்துக்குத்தான் வந்தார். கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"நான் ஓட்டவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மச்சான். அசதியா இருப்பீங்க. அந்தப் பக்கம் ஏறுங்க."

சுற்றிப் போய் ஏறிக்கொண்டார்.