ஓடாத கும்பாரேயின் ஓட்ட நேரம்

லூசோன் தீவின் மலையடிவார ராணுவ முகாமில் எந்தச் சிப்பாய்க்குப் பிள்ளை பிறந்தாலும் ஞானத்தகப்பனாக நிற்கும்படி முதல் அழைப்பு சார்ஜண்ட் நார்சிசோ படில்லாவுக்குத்தான். முகராசி என்று நினைத்துவிடாதீர்கள். உடற்தகுதித் தேர்வு அவர் கையில் இருந்தது. விசிலும் அவருடையது, கடிகாரமும் அவருடையது, நேரத்தை எழுதுகிற பேனாவும் அவருடையது. பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனவர் பெற்றவனுக்குக் கும்பாரே ஆகிவிடுகிறார். கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். கும்பாரேயை எந்த மனுஷன் ஃபெயில் ஆக்குவான்?

கார்ப்பரல் எலிசியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அணிவகுப்பில் அவர் வயிறு அவருக்கு முன்னால் போய் நிற்கும். மைதானத்தைப் பாதி சுற்றுவதற்குள் மாமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். படில்லாவின் கடிகாரத்தில் மட்டும் அவர் மான். போன தேர்வுக்கு முந்தின நாள் எலிசியோ வீட்டில் ஞானஸ்நான விருந்து, முழுப் பன்றி சுட்டிருந்தார்கள். அந்த ருசியில் படில்லாவின் கை தாராளமாகி, முகாமிலேயே முதல் இடத்தைக் கொடுத்துவிட்டது.

புயல் வந்தது. மண்சரிவில் மலைமேல் ஒரு கிராமம் மாட்டிக்கொண்டது. புதிதாக வந்திருந்த கேப்டன் மரிவிக், ஓட்டத்தில் முதல் ஆறு பேர் சுமையோடு மலை ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார். முதல் பெயர் எலிசியோ.

படில்லா எலிசியோவைத் தேடிப் போனார். மாடிப்படி ஏறினதற்கே எலிசியோவுக்கு நெஞ்சடைத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆள் என்னவோ சிரித்த முகமாய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"கும்பாரே, வயித்துவலின்னு சொல்லிட்டுப் படுத்துடு. மலையேறினா செத்துப்போவே."

"என்ன பேசற நீ? முதல் ஆளா என் பேரு வந்திருக்கு. என் பொண்டாட்டி ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டா."

"அந்த நேரத்தை எழுதினது நான்டா!"

"எழுதினது நீ. ஓடினது நான்தானே?"

அதுதான் கொடுமை. வருஷக்கணக்கில் தன்னைப் பற்றிய பொய்யைக் கேட்டுக் கேட்டு அந்த ஆள் நம்பியே விட்டார்.

ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு லாரி உறுமத் தொடங்கியது. படில்லா ஓடினார். அவரும் ஒன்றும் ஓட்டக்காரர் இல்லை. கேப்டன் முன்னால் போய் நின்றபோது நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"மேடம், எலிசியோவை இறக்கிடுங்க. அவன் ஓடவே இல்ல. நான்தான் பொய்யா எழுதினேன்."

"இவன் ஒருத்தனுக்கு மட்டுமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். படில்லா லாரியைப் பார்த்தார். அத்தனை முகமும் கும்பாரே முகம்.

"எல்லாருக்கும் மேடம்."

"அப்ப நிஜமா மலை ஏறக்கூடியவன் இந்த முகாம்ல யாருய்யா?"

"கல்யாணம் ஆகாதவங்க மேடம். அவங்க நேரம் மட்டும் உள்ளபடி இருக்கும்."

கேப்டனுக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பிரம்மச்சாரிகள் மலையேறி, ஜனங்களைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். படில்லாவின் சார்ஜண்ட் பட்டையைக் கழற்றி, அவரைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். முகாம் முழுவதும் மறுபடி ஓட வைக்கப்பட்டது, பாதிப்பேர் தோற்றார்கள். எலிசியோவை மருத்துவமனையில் படுக்கவைத்து நெஞ்சடைப்பைச் சரிசெய்தார்கள்.

இப்போது படில்லாவை எந்த விருந்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. எலிசியோ தினமும் தட்டை நீட்டிச் சோறு வாங்குகிறார். வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

திருப்பிக்கொள்ளட்டும். அதற்காவது ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று படில்லா இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போவார். எலிசியோ சோற்றைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னது நினைவுக்கு வந்து பாதியை எடுத்துவிடுவார்.