நான் குப்பையில் போட்ட நான்கு கம்பிகள்

இதை எழுத வேண்டுமென்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும், இந்த முறை எழுதிவிடுவோம் என்று ஒரு புதுக் கொப்பி எடுப்பேன். இரண்டு கிழமையில் அதில் மனைவி கடைச்சாமான் பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவா. இப்படி எத்தனையோ கொப்பி போய்விட்டது. கொப்பியில் குற்றமில்லை. எழுதினால் ஆட்களுக்கு முன்னால் நான் கொஞ்சம் குறைந்து போவேன் என்ற பயம்தான்.

போன மாதம், இங்கே சுவிஸில் பேர்ண் நகருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். பிள்ளையின் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் கேட்டார்களாம் என்று, சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் ஒரு பழைய பாட்டைப் போட்டார்கள். பாடுகிறவர் வாய் திறக்க முதலே பேஸ் கிற்றாரின் கனத்த சத்தம் வந்தது. கையிலிருந்த தட்டு மெல்ல அதிர்ந்தது. எனக்கு உடனே முன்பு வேலை செய்த வைத்தியசாலைச் சமையலறையின் வினாகிரி மணம் மூக்கில் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற யோகண்ணைக்கு வேறு ஒன்று வந்துவிட்டது. அவர்தான் ஒரு காலத்தில் எங்கள் இசைக்குழுவை நடத்தியவர்.

"உன்ர வெள்ளைக்காரியின்ர பாட்டு மாதிரிக் கிடக்கு" என்று என் தோளில் தட்டிவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். "இவர் நவராத்திரி வாணி விழாவில ஒரு கிற்றாருக்குச் சந்தனம் குங்குமம் வைச்சவர். கிற்றார்க்காரி கண்டிட்டு, என்ன ஊத்தை பூசியிருக்கிறாயெண்டு கத்திப் பறிச்சுக்கொண்டு போட்டாள். அவையளுக்கு எங்கட சாமியெண்டா அவ்வளவு இளக்காரம். பொய்யெண்டா கேளுங்கோ, ஆள் இதிலதான் நிக்கிறார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் விட்டுக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக நான் செய்துவருவது இதைத்தான்.

கார் நிறுத்துமிடத்தில் வைத்து அண்ணையைப் பிடித்தேன். "அண்ணை, அது அப்பிடி நடக்கேல்லை."

"ஏதோ வேற மாதிரித்தான் நடந்திருக்குமெண்டு எனக்கும் தெரியுமடா. இவ்வளவு காலம் சொல்லிப்போட்டன். இனி மாத்தினா என்னையெல்லோ பொய்யனெண்டு சொல்லுவினம். கதையும் நல்லாத்தானே கிடக்கு?"

அவரில் பிழையில்லை. அவருக்கு அந்தக் கதையைத் திருத்திக் கொடுக்க வேண்டியவன் நான். அதனால் இந்த முறை கொப்பி எடுக்காமல், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நான் ஒரு வைத்தியசாலையில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் சலாட் வெட்டும் அறை. அங்கே ஒரு கசெற் பெட்டி ஓயாமல் பாடும். ஆனால் என் பக்கத்துக்குப் பாட்டு வராது. பாடுகிறவரின் குரல், ஊதுகுழல், எல்லாம் சுவரோடு நின்றுவிடும். அடியில் ஓடுகிற தாழ்ந்த சத்தம் மட்டும் சுவரால் வரும். தும். தும்தும். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தும். சுவருக்குள் ஏதோ பம்ப் பழுதாகிவிட்டது என்று பொறுப்பாளரிடம் முறைப்பாடு செய்தவனும் நான்தான். அந்த மனிதன் வந்து சுவரில் காது வைத்துக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப் போனான்.

"றூத், உன் பம்ப் திருத்த வேணுமாம்."

அப்படித்தான் றூத் அறிமுகமானார். என் வயதுதான் இருக்கும். எம்மென்தால் பக்கத்து விவசாயக் குடும்பம், மாட்டில் பால் கறந்து பெருத்த கைகள். வேலை இல்லாத நேரத்தில் ஆறு பேர் சேர்ந்த ஒரு குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தார். சோல் என்று சொல்கிறார்களே, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாட்டுகள், அவைதான் வாசிப்பார்கள். நானும் கோயில் நிகழ்ச்சிகளில் பேஸ் வாசிக்கிறேன் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவன், சங்கீதம் படித்தவனல்ல. "நாலு கம்பிதானே, உனக்குக் காணும்" என்று யோகண்ணை கையில் தந்தது அது.

றூத் பேர்ண் ஜெர்மனில் சொன்னதையெல்லாம் என் பாஷையிலேயே தருகிறேன். என் வாசிப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "வேலைக்குப் பிந்தினவன் மாதிரி ஓடுறாய். ஆர் உன்னைத் துரத்துகினம்?"

பிறகு இடைவேளைகளில் இருவருமாகக் கசெற் கேட்போம். அந்தப் பழைய பதிவுகளில் பேஸ் வாசித்தவர்களில் சிலர் ஒரே ஒரு விரலால்தான் வாசித்தார்களாம், சுட்டுவிரலைக் கொக்கி மாதிரி மடித்து. நான் இரண்டு விரலும் பெருவிரலும் போட்டு வாசித்தும் வராத கனம் அந்த ஒரு விரலில் வந்தது. கம்பியின் அடியில், அதைத் தாங்கி நிற்கிற பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பஞ்சுத் துண்டைச் செருகிவிடுவார்கள். அப்போது சத்தம் நீளாது. தும் என்று விழும், உடனே அடங்கும். அடங்கிய இடத்தில்தான் பாடுகிறவர் மூச்சு விடுவார். மேளக்காரனின் பெரிய மேளத்தோடு ஒட்டி, ஆனால் ஒரு மயிரிழை பிந்தி வர வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நேரே பாயாமல், பக்கத்திலுள்ளதை ஒருதரம் தொட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்கள் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போகும்போது வழியில் இரண்டு பேரோடு கதைத்துவிட்டுப் போவதில்லையா, அப்படி.

எனக்கு இதில் பிடித்தது வாசிக்காமல் விடுகிற இடம்தான். பூசையில் மணி நின்ற பிறகு கற்பூரம் எரிகிற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துக்கொள்வேன். முருகன் பாட்டுக்கு அப்படி வாசித்துப் பார்த்தேன். யோகண்ணை திரும்பிப் பார்த்து, "நித்திரையோ?" என்று கேட்டார்.

பிழை என் கையிலா கிற்றாரிலா என்று றூத்திடம் கேட்டேன். அவர் தன்னுடைய கிற்றாரையே வாணி விழாவுக்குத் தந்தார். கம்பிகள் கறுத்து, நாடா சுற்றியது போலத் தட்டையாக, விரலுக்கு எண்ணெய்ப் பிசுக்காக இருந்தன. பஞ்சு மக்கிப்போயிருந்தது. விழா முடிந்து அடுத்த சனிக்கிழமை அவருடைய குழு பீல் நகரில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் நான்கு பாட்டுப் பதிவு செய்ய இருந்தது. மேளக்காரர் பாசல் நகரத்துக்கு வேலை மாறிப் போகிறார், அதோடு குழு கலைகிறது. பதினைந்து வருடம் சேர்ந்து வாசித்ததற்கு அந்த நான்கு பாட்டுத்தான் மிஞ்சப் போகிறது. இதையெல்லாம் சொல்லித்தான் தந்தார்.

"ஒண்டும் செய்யாத. இப்பிடியே கொண்டு வா" என்றும் சொன்னார்.

நான் அதை எப்படி எடுத்தேன் தெரியுமா? எங்கள் வீடுகளில், "ஒண்டும் கொண்டு வராதேங்கோ, சும்மா வாங்கோ" என்று சொல்வோமே. யாராவது சும்மா வருவோமா? வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா? சீனியாவது கொஞ்சம் போட்டுத்தானே கொடுப்போம். றூத் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவியும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இந்தக் கோலத்திலயோ சரஸ்வதிக்கு முன்னால வைக்கப் போறியள்? ஊத்தையோட திருப்பிக் குடுத்தா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவருமாக உட்கார்ந்து நான்கு கம்பியையும் கழற்றினோம். மக்கிய பஞ்சையும் சேர்த்துக் குப்பைப் பையில் போட்டோம். மரத்தை ஈரத்துணியால் துடைத்தோம். கடையில் எது வேண்டும் என்று கேட்டபோது, ஆகப் பளபளப்பான கம்பியைக் காட்டினேன். சனிக்கிழமை வாணி விழாவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அம்மனுக்கு முன்னால் வைத்து, எடுத்து வாசித்தேன். மண்டபம் முழுக்க டங் டங் என்று கேட்டது. "இப்பதானடா பேஸ்" என்றார் யோகண்ணை. நான் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை இடைவேளையில், உடை மாற்றும் அறையில் றூத் பெட்டியைத் திறந்தார். குங்குமப் பொட்டைப் பார்த்தார். "இது என்ன?" என்று கேட்டார். ஆசீர்வாதம் என்றேன். "வடிவாயிருக்கு" என்றார். அவருக்குப் பொட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிறகு விரலைக் கம்பியில் வைத்தார். ஒருதரம்தான் தட்டினார்.

"பழைய கம்பி எங்க?"

"எறிஞ்சிட்டன். புதுசு போட்டிருக்கிறன். உனக்கு என்ர அன்பளிப்பு."

அவர் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. வெள்ளை உடுப்போடு இருவரும் பஸ் எடுத்து எங்கள் வீடு இருந்த ஓஸ்டர்முண்டிகனுக்கு ஓடினோம். எங்கள் கட்டடத்தின் குப்பைத் தொட்டியை அன்று காலைதான் வெறுமையாக்கியிருந்தார்கள். வீட்டுப் பராமரிப்பாளர் அதன் உட்புறத்தைக் கூடக் கழுவி முடித்திருந்தார். சுவிஸில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்தானே.

றூத் படிக்கட்டில் உட்கார்ந்தார். மனைவி தேநீர் கொண்டு வந்தா. விஷயத்தைச் சொன்னதும், அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் ஊத்தையெண்டு சொன்னனான்" என்றா. நான் மொழிபெயர்த்தேன்.

"அது ஊத்தை இல்லை" என்றார் றூத். "அந்த மாதிரிக் கம்பி கடையில கிடைக்கும். பத்தொன்பது வருசம் வாசிச்சது கிடைக்காது. அந்தச் சத்தம் அதிலதான் இருந்தது." தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஏன் எண்டதை நான் சொல்லியிருக்க வேணும்" என்றார்.

தட்டைக் கம்பி அன்றே வாங்கினேன். சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. எனக்குத் தா, பழசாக்கித் தாறன் என்று மன்றாடிக் கிற்றாரை வாங்கிப் போனேன். வேலையிலிருந்து வந்தால் சாப்பாட்டு நேரம் வரை ஒற்றை விரலால் வாசிப்பு. விரல் நுனி கொப்பளித்தது. "வடை சுட்ட கையால பிடியுங்கோ, கெதியாப் பிசுக்கேறும்" என்று மனைவி யோசனை சொன்னா. அதையும் செய்தோம். பஞ்சுக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் மஞ்சள் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். நேர்த்திக்கடன் வைத்தவன் போலத்தான் இருந்தேன். கந்தசஷ்டி கவசத்தைச் சொல்லிச் சொல்லி வாசித்தேன். நான்கு நாளில் பத்தொன்பது வருடம் வரவில்லை. ஏதோ ஒரு வருடம் வந்திருக்கும்.

சனிக்கிழமை நானும் பீலுக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மூலையில் உட்காரவிட்டார்கள். றூத் முதல் நான்கு சுரம் வாசித்தார். பாடுகிறவர் திரும்பிப் பார்த்தார். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார்.

"என்ன இது? உன்ர கம்பி எங்க?"

"எறிஞ்சிட்டன், புதுசு மாத்தினனான்" என்றார் றூத்.

"இந்தக் கிழமையோ? பத்தொன்பது வருசம் மாத்தாமல் இந்தக் கிழமையோ மாத்தினனீ? உனக்கென்ன பைத்தியமோ?"

"அதுதானே. பிழை விட்டிட்டன். தொடங்குவம்."

என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அவர்கள் கதைத்ததெல்லாம் ஒலிபெருக்கியால் தெளிவாகக் கேட்டது. பேர்ண் ஜெர்மன் எனக்கு அதற்குள் நன்றாக விளங்கும். எழுந்து, நான்தான் என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேளக்காரர் அந்த நான்கு பாட்டையும் கோபத்தோடுதான் அடித்தார்.

அடுத்த வாணி விழாவுக்கு என் பழைய கிற்றாரோடு போனபோது, மற்றது எங்கே என்று யோகண்ணை கேட்டார். அவ வாங்கிக்கொண்டு போட்டா என்றேன். "பொட்டு வைச்சதாலயோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாத மாதிரி ஆட்டினேன். அந்த ஆட்டலிலிருந்துதான் அந்தக் கதை பிறந்தது. ஆட்கள் என்னைக் கோயிலில் கொஞ்சம் மதிப்பாகப் பார்த்தார்கள். அது எனக்கு நன்றாக இருந்தது. அம்மனுக்கு முன்னால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விழுந்து கும்பிட்டேன்.

அந்தச் சமையலறை இப்போது இல்லை. புதுக் கட்டடம் வந்து, சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. றூத் மலைப்பக்கம் தன் சகோதரியோடு போய்விட்டார். சில வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் எழுதிய கடைசி அட்டை திரும்பி வந்தது. எங்கள் இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஆளில்லை, கணினி வாசிக்கிறது. பிந்தாது, முந்தாது. பாடுகிறவர் மூச்சு விடுகிறாரா என்றும் பார்க்காது.

அந்த நான்கு பாட்டும் பதிந்த இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருதரம் போட்டுக் கேட்பேன். கம்பி புதிது என்று எனக்குத் தெரிகிறது. மனைவிக்கும் தெரிகிறது.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது அந்தப் பொட்டுக் கதையை எங்கேனும் ஒரு சாப்பாட்டு வரிசையில் கேட்கக் கூடும். அப்போது தயவுசெய்து இதை இப்படியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒன்றையும் மெதுவாக்க வேண்டாம், அவரைப் பெரிதாக்கிக் காட்டவும் வேண்டாம். கம்பியை எறிந்தவன் நான். தன் ஆட்களுக்கு முன்னால், தானே எறிந்ததாகச் சொன்னவர் றூத்.