நார் கட்டிய பலாப்பிஞ்சு

வெகுதானிய வருஷம், மாசி 14, சனிக்கிழமை.

காலை மணி 6-40. ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சிக்கு பஸ் புறப்பட்டது. புறப்பட வேண்டிய நேரம் 6-15. இந்த இருபத்தைந்து நிமிஷத் தாமதத்துக்கு பஸ் காரணமல்ல. என் மனைவியின் அண்ணன் பழனியப்பன் காரணம். அவர் வரும்வரை நிறுத்தி வைக்கும்படி டிரைவரிடம் மூன்று முறை கெஞ்சினேன்.

"ஏனுங்க, இது பஸ்ஸா, கலியாண ஊடா? ஆள் வந்து சேந்தாத்தான் தாலி கட்டறதுக்கு?" என்றார் டிரைவர்.

மற்ற பிரயாணிகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இப்போது இதை எழுதும்போது அந்தச் சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். வயது நாற்பத்தாறு. எங்கே போனாலும் மணி பார்த்துக் குறித்துக்கொள்வது வழக்கம். இந்தப் பயணம் எட்டு வருஷத்து ஆசை. கொல்லிமலை மேலே வளப்பூர் நாட்டில் விவசாயம் செய்யும் சடையன் என்பவரிடம்தான், பேளுக்குறிச்சிச் சந்தையில், எட்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு மிளகு வாங்குகிறேன். ஒவ்வொரு மாசியிலும் அவர், "பலா பிஞ்சு விட்டிருக்குதுங்க. புதுச் சாமை இருக்குது. ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்பார். தனியாகப் போகத்தான் நினைத்தேன். என் மனைவி தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவர் ஒரு படுக்கைச் சுருளும், இரண்டு கூஜாவும், முறுக்கு டின்னும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மணி 7-50. பேளுக்குறிச்சி. பத்து மைல், ஆளுக்கு நாலணா. சந்தை அப்போதுதான் கூடிக்கொண்டிருந்தது. சடையன் மிளகை ஒரு வியாபாரியிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டு எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

மலைக்குப் பாதை காலடிப் பாதைதான். ஏழு மைல் ஏற்றம். முதல் கால் மைலிலேயே மச்சான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்காக டோலி பேசினோம். நான்கு ஆட்கள், இரண்டு ரூபாய். இரண்டாவது திருப்பத்தில் முன்னால் சுமந்தவர் சொன்னார்:

"சாமி, கொஞ்சம் மூச்சை உள்ள இழுத்து வெச்சுக்குங்க. எடை குறையுமுங்க."

மச்சான் அதை உண்மை என்று நம்பி இழுத்து வைத்துக்கொண்டார். நால்வரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

மணி 2-45. சடையன் வீடு. புல் வேய்ந்த தாழ்ந்த கூரை. பின்னால் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பிஞ்சு தொங்கும் பலா மரம் ஒன்று வாசலுக்கு நேரே நின்றது. சடையன் மனைவி பாவாயி கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். மகள் பொன்னிக்குப் பதினெட்டு வயதிருக்கும். கையில் கவணோடு பலா மரத்தடியில் நின்றிருந்தவள், எங்களைப் பார்த்ததும் உள்ளே போனாள்.

மாலை 6-30. சாப்பாடு. புதுச் சாமைச் சோறு, பச்சை மொச்சைக் குழம்பு, முருங்கைப்பூப் பொரியல், கடைசியில் கெட்டித் தயிர். சாமைச் சோற்றை இவ்வளவு மிருதுவாக நான் தின்றதில்லை. ஒவ்வொரு பருக்கையும் தனியாக நின்றது. மச்சான், "அரிசி இல்லையா?" என்று கேட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

மாசி 15.

காலை 6-10. பனி. எதிர்ச்சரிவு தெரியவில்லை. பாறை மேல் மிளகு காயப்போட்டிருந்தது. நேற்றைய வெயிலின் காரம் இன்னும் அதில் இருந்தது. எங்கோ மா பூத்த வாசனை. பாவாயி கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்ட தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடையில் இருந்தால் இந்த ஒரு மணி நேரத்தில் மூன்று கடிகாரம் திறந்திருப்பேன். அந்த நினைப்பு வந்ததும் போய்விட்டது. இவ்வளவு நல்ல காலை என் குறிப்பில் அதிகம் இல்லை.

மணி 10-30. சடையனோடு ஓடைக்குக் குளிக்கப் போனேன். மச்சான் குளிர் என்று வரவில்லை. பாவாயியும் பொன்னியும் காட்டுக்கு அவரைக்காய் பறிக்கப் போயிருந்தார்கள். வீட்டில் மச்சான் மட்டும்.

மணி 11-50. திரும்பினோம். வாசலில் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கையில், கூரை எறவாணத்தில் செருகியிருந்த கொடுவாள். காலடியில் ஒரு பலாப்பிஞ்சு, பால் வடிய.

"மாப்பிள்ளை, இருக்கறதிலேயே நல்லதாப் பார்த்து வெட்டினேன். மிளகு தட்டிப் போட்டுக் கறி வெக்கச் சொல்லுங்க."

அதன் காம்பைச் சுற்றி ஒரு நார் மூன்று சுற்றாகக் கட்டியிருந்ததைக் கண்டேன். மற்றப் பிஞ்சுகளில் நார் இல்லை. ஏதோ அடையாளம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நாரை அவிழ்த்து, என் டைரியில் பக்க அடையாளமாக வைக்க எடுத்துக்கொண்டேன்.

சடையன் பிஞ்சைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அதைக் கையில் எடுத்தார். "நல்ல பிஞ்சுங்க" என்றார். அவ்வளவுதான்.

பகல் 1-10. சாப்பாடு. அந்தக் கறி. எண்ணெய் தேய்த்த கையால் நறுக்கி, வேகவைத்து நசுக்கி, பச்சை மிளகும் தேங்காயும் அரைத்துப் போட்டிருந்தது. இறைச்சிக்கும் காய்க்கும் நடுவில் ஒரு ருசி. மூன்று முறை வாங்கினேன். பாவாயி பரிமாறினார். பொன்னி வெளியே வரவில்லை. அன்று மத்தியானம் டைரியில் எழுதினேன்: "இந்தப் பயணத்தில் உண்டவற்றுள் இதுவே முதன்மை."

மாசி 16.

காலை 6-20. வெளியே வந்தபோது பொன்னி பலா மரத்தடியில் நின்றிருந்தாள். கவண் கையில் இல்லை. வெட்டிய இடத்தில் உறைந்திருந்த பாலை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போனாள்.

அடுப்படிக்குப் போய்ப் பாவாயியிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க."

"நேற்று வெட்டின காயா?"

அவர் அடுப்பில் இரண்டு விறகைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே குறிக்கிறேன். சடையனின் தங்கை நல்லம்மா, மலையிலேயே ஐந்து மைல் தள்ளி, பெரக்கரை நாட்டில் இருக்கிறார். அவர் மகனுக்குப் பொன்னியைக் கொடுப்பதாகப் பேச்சு. இந்த இரண்டு குடும்பத்துக்குள் ஒரு வழக்கம்: மாப்பிள்ளையின் தாய் வந்து, பெண் வீட்டு மரத்தில் ஒரு பிஞ்சில் நார் கட்டிவிட்டுப் போவாள். அது பழுக்கும் ஆனி மாதத்தில் கல்யாணம். அந்த ஒரே பழத்தை வெட்டி இரண்டு வீடும் உண்ணும். நடுவில் காய் போனால் அந்த வருஷம் கல்யாணப் பேச்சில்லை. பெண் வீட்டார் வேண்டுமென்றே வெட்டினால் பேச்சு எப்போதுமே இல்லை.

"பத்து நாளாப் புள்ள கவணும் கையுமா நின்னா. குரங்குக்குக் காவல் இருக்கலாமுங்க. விருந்தாளிக்குக் காவல் வெக்க முடியுமா?"

"தெரிந்தும் சமைத்தீர்களா?"

"வெட்டினது வெட்டியாச்சு. நீங்க எட்டு வருசம் கழிச்சு வந்திருக்கீங்க. மூஞ்சி சுண்டிப் போய் உங்கள அனுப்பறதா?"

எனக்கு முதலில் அந்த அம்மாள் மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மூன்று முறை வாங்கியிருக்க மாட்டேன். பிறகு மச்சானிடம் போனேன். அவர் மலைவாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு பலாக்காய்க்கு இவ்வளவு கதையா? இன்னும் முப்பது தொங்குதே மாப்பிள்ளை."

"அவர்கள் கட்டியது அந்த ஒன்றில்."

"எழுதி ஒட்டியிருக்கணும். சரி, ரெண்டு ரூபாய் கொடுத்துடறேன்."

"பெரக்கரைக்கு வந்து, நான்தான் வெட்டினேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

"எத்தனை மைல்?"

"ஐந்து."

அவர் அடுத்த பழத்தை உரித்தார். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். என்ன சொன்னேன் என்பதைக் குறிக்கவில்லை, எழுதத் தகுந்ததல்ல. அவர் பழத்தைக் கீழே வைக்கவில்லை.

சடையன் என்னைத் தடுத்தார். "வேண்டாமுங்க. நானே சொல்லிக்கறேன்." ஆனால் அவர் சொன்னால் செல்லாது என்று பாவாயி சொன்னார். பாவாயியின் தம்பிக்கும் பெண்ணின் மேல் ஆசை இருந்ததாம். பாவாயி வீட்டார் பேச்சைக் கேட்டு வெட்டிவிட்டார்கள் என்றுதான் நல்லம்மா நினைப்பார். வெளியாள் சாட்சி வேண்டும்.

மணி 7-45. புறப்பட்டேன். "ரெண்டு கூப்பிடு தூரமுங்க" என்று சொல்லி, ஓடைவரை வந்து வழி காட்டிவிட்டுச் சடையன் நின்றுகொண்டார். அந்த இரண்டு கூப்பிடு தூரம் என் கடிகாரத்தில் இரண்டு மணி பத்து நிமிஷம். இரண்டு ஓடை, ஒரு மேடு. வழியெங்கும் பலா. எல்லா மரத்திலும் பிஞ்சு. ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

மணி 9-55. நல்லம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். கட்டை குட்டையான, உரத்த குரலுள்ள பெண்மணி.

"ஏனுங்க, வழி தப்பிட்டீங்களா?"

நான் யார், எதற்கு வந்தேன், என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னேன். டைரியிலிருந்து நாரை எடுத்து நீட்டினேன். உலக்கை நின்றது.

"எங்கண்ணன் அனுப்பிச்சாரா?"

"இல்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார்."

"வெட்டினது நீங்களா?"

"என் மச்சான்."

"அவரு எங்க?"

"அங்கேதான் இருக்கிறார்."

"வெட்டினவரு குந்தியிருக்காரு. தின்னவரு நடந்து வந்திருக்கீங்க." நாரை வாங்கிக் கூரையில் செருகினார். "கறி எப்படி இருந்துச்சுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "நன்றாக இருந்ததுங்க" என்றேன்.

"இருக்கும். எங்க அண்ணி கை அப்படி." உலக்கையை மறுபடி எடுத்தார். "நீங்க சொன்னத நம்பறேன். அண்ணன் மேல தப்பில்ல. பேச்சு பேச்சாவே இருக்கட்டும். ஆனா இந்த வருசம் போச்சு."

"வேறு பிஞ்சில் கட்டக் கூடாதா? முப்பது இருக்கிறது." சொல்லி முடித்த பிறகுதான், இது மச்சான் பேச்சு என்று உறைத்தது.

"உங்க ஊர்ல முகூர்த்தம் தப்பிப் போனா அடுத்த மணியில வெச்சுக்குவீங்களா? அடுத்த மாசிக்குத்தான் நாரு. என் மகனும்தான் காத்துக் கெடக்கணும்."

நான் எழுந்தேன். அவர் விடவில்லை. வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதாம். சாமைக் கஞ்சியும் பச்சை மிளகு ஊறுகாயும் வைத்தார். இந்த மலையில் யாரும் என்னைத் திட்ட மாட்டேன் என்கிறார்கள், சோறு போடுகிறார்கள். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பகல் 1-20. திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சடையன் தலையை அசைத்தார். பொன்னி முதல் முறையாக என்னிடம் பேசினாள்.

"அத்தை வைதாங்களா?"

"இல்லை கண்ணு."

"வைதிருந்தா நாலு நாள்ல ஆறிப் போய் வந்து கட்டியிருப்பாங்க" என்றாள். முறம் எடுத்துக்கொண்டு மிளகுப் பாறைக்குப் போய்விட்டாள்.

மாசி 17.

காலை 7-00. புறப்பாடு. பாவாயி ஒரு துணிப் பையில் மிளகும் ஒரு மொந்தையில் தேனும் கொடுத்தார். மறுத்தேன். மச்சான் வாங்கிக்கொண்டார். அவருக்கு டோலி, நான் முன்னால் நடந்தேன். ஏழு மைல் இறக்கத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவும் தோன்றவில்லை.

மாசி 21, சனிக்கிழமை. பேளுக்குறிச்சிச் சந்தை.

காலை 8-10. சடையன் வழக்கமான இடத்தில் சாக்கு விரித்திருந்தார். வரமாட்டார் என்று நினைத்துத்தான் போனேன். எப்போதும்போல ஒரு படி மிளகு அளந்தார். எப்போதும்போல மேலே ஒரு கை போட்டார்.

"அடுத்த மாசிக்கு வாங்க. நாரு கட்டறப்ப நீங்க இருக்கணும்னு தங்கச்சி சொன்னா." சாக்கின் ஓரத்தை மடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "கொடுவாள மட்டும் எறவாணத்துல செருக மாட்டேனுங்க."

ஊருக்குத் திரும்பினேன். எங்கள் ஊரிலும் மாசிக்குப் பலாப்பிஞ்சு வரும். கடைத்தெருவில் குவித்து விற்பார்கள். காம்பில் நார் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எந்த மரம், யார் காவல் இருந்தது என்றும் கேட்பதில்லை. நானும் இத்தனை வருஷம் கேட்டதில்லை.

பழனியப்ப மச்சான் தன் கடையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, அந்தக் கறி இன்னும் நாக்குலயே நிக்குது. அடுத்த வருஷம் நானும் வர்றேன்" என்றார்.

டைரியில் மாசி 15-ஆம் பக்கத்து வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. கறி அப்படித்தான் இருந்தது. மாசி 14-ஆம் பக்கத்தைத்தான் மறுபடி மறுபடி படிக்கிறேன். அன்று டிரைவரிடம் மூன்று முறை கெஞ்சாமல் இருந்திருந்தால், பஸ் 6-15-க்குப் போயிருக்கும், வரும் ஆனியில் பொன்னிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

"பஸ் 6-15-க்கு, மச்சான்" என்று மட்டும் நேற்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.