கொல்லைக் குளத்துக்குக் கரண்ட் இழுத்த கதை

பழவேற்காட்டு ஏரியிலிருந்து நூறடி தள்ளிக் குடியிருந்துகொண்டு, கொல்லையில் தனியாக ஒரு குளம் கட்டியவன் நான். இயற்பியலில் பட்டம் வாங்கியவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் இன்னும் அவமானம்.

மகளின் பிரசவத்துக்கென்று இரண்டு மாதக் கணக்கில் பெங்களூர் போன என் மனைவி எட்டாவது மாதத்திலும் திரும்பவில்லை. மகளின் குடியிருப்பில் ஒரு நீரூற்று இருக்கிறதாம். சாயங்காலமானால் பேரனோடு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாளாம். "இங்க தண்ணி பேசிக்கினே கீதுங்க. நம்ம ஏரி வாயே தொறக்காது" என்றாள் போனில். நான் அப்போதும் காலையில் இரண்டு தம்ளர் காபி போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவதையும் நானே குடித்தேன். பேரனோடு போட்டி போட முடியாது. நீரூற்றோடு போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது.

அவளிடம் சொல்லாமலே சிமெண்ட் தொட்டி கட்டி, நீரூற்றுக்கென்று ஒரு சின்ன பம்பை இறக்கினேன். கரண்ட்டுக்கு, சமையலறை பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக மெல்லிய ஒயர். நீளம் பற்றவில்லை. இன்னொரு துண்டைச் சேர்த்து டேப் சுற்றினேன். அதற்குமேல், கிழிந்த வலையைப் பொத்தப் போடும் முடிச்சை நைலான் நரம்பால் போட்டு இறுக்கினேன். நாங்கள் மீன்பிடிக் குடும்பம். எங்கள் முடிச்சு அவிழாது. அவிழவும் இல்லை, ஒயரின் தோலைத்தான் அறுத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா ஏரியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர். தண்ணீரைக் கண்டால் கையை விட்டுப் பார்க்காமல் நகரமாட்டார். குளத்தைப் பார்க்க வந்தவர் குனிந்தார், கையை விட்டார், வெடுக்கென்று உதறினார். "இன்னா நைனா, உன் தண்ணி கடிக்குது" என்றார், நண்டைக் குறைசொல்லும் குரலில்.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மனைவியும் அப்படி இறால் தடவி வளர்ந்தவள்தான். வந்ததும் அவள் கை முதலில் போகிற இடம் அந்தத் தொட்டியாகத்தான் இருக்கும்.

பொன்னேரியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் என் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடிச்சு சூப்பர் சார். ஆனா மீனுதான் இதுக்கு அடங்கும்" என்றார். உப்புக்காற்று செம்பைத் தின்றுவிடும், அதனால் வெளியே ஜாயிண்ட்டே கூடாது என்று சொல்லி, இரண்டடி ஆழத்தில் குழாய் புதைத்து, அதற்குள் ஒரே நீளமாகக் கேபிள் விட்டார். எர்த்துக்குத் தனிக்குழி. மழைநீர் புகாத பெட்டி சுவரில் உயரமாக. கரண்ட் துளி கசிந்தாலும் தானே விழுந்துவிடும் டிரிப் சுவிட்ச் வீட்டுக்குள்ளே. அதன் பரிசோதனைப் பொத்தானை அவர் ஒருமுறை அழுத்திக் காட்டினார். அவர் போனபின் நான் பத்துமுறை அழுத்தினேன்.

அன்று சாயங்காலமே மனைவியைப் போனில் கூப்பிட்டேன். ஒன்றும் பேசாமல் போனை நீரூற்றின் பக்கத்தில் பிடித்தேன். கேட்கிறாள், கேட்டு உருகுகிறாள், அடுத்து ரயில் எப்போது என்றுதான் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"மொதல்ல மோட்டார ஆப் பண்ணுங்க" என்றாள். "மேல டேங்க் ரொம்பி வழியுது."