சுவரை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தவன்

சாத்தூர் பாண்டிராஜுக்கு வீடு பார்க்கத் தெரியாது. அவன் மனைவி பாண்டிச்செல்வியே சொல்லிவிட்ட பிறகு நமக்கென்ன தயக்கம்? சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் ஓட்டுகிறவன். கலர் ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் மெஷினை நிறுத்திவிடுவான். அப்பேர்ப்பட்ட கண், விற்கிற வீட்டுக்குள் நுழைந்ததும் அவிந்துபோகும். "வாங்க, உக்காருங்க" என்று வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும், ஆள் உருகிவிடுவான். காபியும் குடித்துவிட்டால் தீர்ந்தது. குடித்த வாய் காய்வதற்குள் குறை சொல்வதா என்று கூசும்.

ஒரு வீட்டில் கக்கூஸ் கதவைக்கூடத் திறக்காமல் வந்து நின்றான்.

"அடுத்தவுக கக்கூஸை எப்படி எட்டிப் பாக்க?"

"நாளைக்கு நாமதான அதுல போகணும்" என்றாள் செல்வி.

இப்போது வாடகை வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வாங்கப்போவதோ பேங்க் லோனில். தலை நரைக்கும்வரை இரண்டு பேர் சம்பளத்தையும் அது விழுங்கும். தப்பான வீட்டில் மாட்டிக்கொண்டால் அதிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். செல்விக்கு அந்த பயத்தில் தூக்கமே போயிற்று.

அந்த நேரத்தில்தான் சோலைச்சாமி வீடு விலைக்கு வந்தது. ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம், டவுனில் இந்த ஒரு வீடு. பாண்டிராஜின் அப்பா செல்லச்சாமி அவர்களுடைய கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர். அவர்கள் வாசல்படியைத் தாண்டாதவர். அவர் மகனை "உள்ள வாங்க தம்பி" என்று கூப்பிட்டு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தார் சோலைச்சாமி. பாண்டிராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீடும் அப்போதே பிடித்துவிட்டது.

சேவும் காபியும் வந்தன. பாண்டிராஜ் கண்ணைத் தூக்கினால், சுவர் பூராவும் காலண்டர். முருகன், மீனாட்சி, பட்டாசுக் கம்பெனி, நகைக்கடை.

"மீனாட்சிக்குப் பச்சை கொஞ்சம் தூக்கல்ங்கய்யா" என்று ஆரம்பித்தான். பேப்பர், மை, சீசன் ஆர்டர் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. சோலைச்சாமியும் விடாமல் தலையாட்டினார். அவர் வேறு எதற்குத்தான் ஆசைப்பட்டார்?

செல்வி கை கழுவணும் என்று அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அது நூல் மாதிரி ஒழுகியது. போனில் சார்ஜ் இல்லை என்று அறைக்கு அறை பிளக்கைக் குத்திப் பார்த்தாள். பாதி வேலை செய்யவில்லை. காற்று வாங்கணும் என்று மொட்டைமாடிக்குப் போனாள். அங்கே மழைத் தண்ணீர் தேங்கிய தடம் பாசி பிடித்துக் கிடந்தது. இறங்கி வந்து காலண்டர்கள் முன்னால் நின்றாள். ஒன்று முழங்கால் உயரத்தில் தொங்கியது.

"அண்ணாச்சி, இதுல தேதி பாக்கிறது யாரு? பூனையா?"

"அங்கன ஒரு ஆணி கெடந்துச்சு, மாட்டினோம்" என்றார் சோலைச்சாமி.

செல்வி காலண்டரைத் தூக்கினாள். பின்னால் சுவர் ஊறிப்போய், பூச்சு பொரிந்து, தொட்டதும் உதிர்ந்தது. மீனாட்சியைத் தூக்கினாள். மேலிருந்து கீழ்வரை விரிசல். முருகனுக்குப் பின்னாலும் இதே கோலம்தான்.

பாண்டிராஜ் எழுந்து போய் விரிசலில் விரலை வைத்தான். நகம் முழுக்க உள்ளே போயிற்று. இம்புட்டு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பழைய வீடுன்னா அப்படித்தான் தம்பி. ஒரு பூச்சு பூசினாச் சரியாப் போவும்" என்றார் சோலைச்சாமி. "செல்லச்சாமி மகனுக்கு நான் மோசம் பண்ணுவனா? உங்கப்பன் என் பேச்சை ஒருநாளும் தட்டினதில்லையே."

செல்வி சட்டென்று வாயைத் திறந்தாள். பாண்டிராஜ் கையமர்த்தினான். அவனுக்கு வந்தது கோபம்தான், இத்தனை வருஷமாக வராத கோபம்.

"ஆமாங்கய்யா, எங்கப்பா தட்டமாட்டாரு" என்றான். "ஆனா அவரு உங்ககிட்ட வீடு பாக்க வரலை. நான்தான் வந்திருக்கேன். எனக்கு இந்த வீடு வேண்டாம்."