எந்தப் பரங்கி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. மைத்துனன் மனைவி கவிதா. நான் வாங்கிக் கொடுத்தது பரங்கி விதை எண்ணெய்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

விஷயம் இதுதான். மைத்துனன் செந்திலுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. பரங்கி விதை எண்ணெய் ஆண்களுக்கு நல்லது என்று கம்பெனி பஸ்ஸில் யாரோ ஓதிவிட்டார்கள். கடையில் போய்க் கேட்க அவனுக்குக் கூச்சம். அக்கா புருஷன் நான் எதற்கு இருக்கிறேன்?

ஓசூரில் ஒரு செக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். பரங்கி விதை எண்ணெய் என்றதும் யோசிக்காமல் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். லேபிள் கன்னடத்தில் இருந்தது. இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்... படிக்க மட்டும் வரவில்லை.

செந்தில் இருபது நாளாகத் தினம் ஒரு ஸ்பூன் குடித்திருக்கிறான். கடுகு மாதிரி காரமாக இருக்கிறது என்று அவன் சொல்ல, கவிதா பாட்டிலை வாங்கிப் பார்த்திருக்கிறாள். ஓசூர் பக்கத்து உத்தனப்பள்ளிக்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரியும்.

"அண்ணா, கன்னடத்துல பரங்கின்னா பப்பாளி."

விழுப்புரத்தில் பிறந்த எனக்குப் பரங்கி என்றால் மஞ்சள் பூசணி. இது எனக்கு எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்கள்?

செல்போனில் தேடினேன். பப்பாளி விதை எண்ணெயில் பெரும்பகுதி ஒலீயிக் ஆசிட், ஆலிவ் எண்ணெயில் இருக்கிற அதே சமாச்சாரம் என்றது ஒரு பக்கம். அப்பாடா! அந்தக் காரத்துக்குக் காரணம் பென்சைல் ஐசோதயோசயனேட் என்றது இன்னொன்று. படிக்கும்போதே நாக்கு சுளுக்கிக்கொண்டது. முகத்தில் பூசலாம், சோப்பு செய்யலாம், டீசலாகக்கூட மாற்றலாமாம். சரி, குடிக்கலாமா? அதற்கு மட்டும் ஆளுக்கொரு பதில்.

கடைசியாக ஒரு பக்கம். பப்பாளி விதைச் சாற்றை ஆண் எலிகளுக்குக் கொடுத்தால் விந்தணு குறைகிறது என்று போட்டிருந்தது.

குழந்தைக்கு ஏங்குகிறவனுக்கு என் கையாலேயே கருத்தடை மருந்தா வாங்கிக் கொடுத்தேன்?

கவிதாவைக் கூப்பிட்டேன். அவள் பெயின்ட் கம்பெனியின் பரிசோதனை லேப்பில் வேலை பார்ப்பவள். சாறு வேறு, எண்ணெய் வேறு. எடுக்கிற விதத்தைப் பொறுத்து அதில் வருகிற பொருளும் மாறும் என்றாள். அப்படியானால் பயமில்லையா என்றேன். அதுவும் தெரியாது என்றாள். லேப்பில் இருப்பவளுக்கே தெரியாவிட்டால் நான் யாரைப் போய்க் கேட்பது?

எலி விஷயம் காதில் விழுந்ததும் செந்தில் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டெஸ்ட் கொடுத்தான். ரிப்போர்ட் வந்தபோது கவிதாவோடு நானும் கூடப் போனேன், குற்றவாளி மாதிரி. டாக்டர் பார்த்தார். குறை இருக்கிறது, ஆனால் இருபது நாள் எண்ணெயால் வந்ததல்ல, வருடக்கணக்காக இருப்பது, வைத்தியம் உண்டு என்றார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றும் கேட்டார்.

செந்தில் தரையைப் பார்த்தான். நானும்தான். இந்த ஐந்து வருடமும் ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் கவிதாவுக்குத்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். அவனிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும், இந்தப் பாழாய்ப்போன எண்ணெய் எதற்குத்தான் நல்லது என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். கவிதா செந்திலைப் பார்த்தாள்.

"அஞ்சு வருஷமா நான் கெஞ்சியும் நடக்காதது இப்ப நடந்திருக்கே, அண்ணா. இவரை ஆஸ்பத்திரிப் படி ஏத்திடுச்சு."

இந்தப் பயனை மட்டும் எந்த வெப்சைட்டிலும் போடவில்லை.